தார் பூசிய சுவர்

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த பிறகும், ராயபுரம் ஐஸ் பேக்டரியின் மேற்குச் சுவர் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் தாவூது அதைப் பார்த்துக் காறித் துப்பினான். அவன் கட்டிய சுவர், அவனைக் கேட்காமல் வியர்ப்பதா?

குளிர் வெளியே போகாமலிருக்கச் செங்கல் சுவருக்கு வெளிப்புறம் மரச்சட்டம் நட்டு, இடையில் மரத்தூள் திணித்து, மேலே பலகை அடித்து மூடிய வேலை அது. துறைமுகத்தில் மழையில் ஊறிக் கிடந்த பெட்டிப் பலகைகளை அவன் ஈரம் காயுமுன்பே கொண்டுவந்து அடித்திருந்தான். படகுக்குப் பூசுவதுபோல உள்ளும் வெளியும் தார் பூசினான். தண்ணீர் உள்ளே வராது, சரிதான். உள்ளே இருக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று மெக்கானிக் வால்டர் கேட்டார். காற்று புழங்க இடைவெளி விடச் சொன்னார். இங்கிலீஷில் இருமுகிற அந்த மனுஷனிடம், சுவத்துக்கு இன்னா ஆஸ்துமாவா என்று தாவூது கேட்டதை ராயபுரமே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

இப்போது முதலாளி மக்கிய தூளை அள்ளச் சொல்லிவிட்டார். கடைசிப் பலகையைக் கழற்றினால், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து. அதில் நுழைய உசேனைவிட்டால் ஆளில்லை. ஜெரினாவைக் கட்டியபோது சீதனமாக வந்தது இந்த மச்சினன் ஒருத்தன்தான் என்று தாவூது கண்டவர்களிடமெல்லாம் புலம்புவான். ஆனால் வீட்டில் நல்லி எலும்பு எப்போதும் உசேன் தட்டில்தான் விழும்.

உசேன் சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

“உள்ளார யாரோ மூச்சு வுட்டுகினு கீறாங்க மச்சான்.”

“உன் வீரத்த பாத்து எலி பெருமூச்சு வுடுதுடா. போ.”

போனான். முதலில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஈரத்தூள் சொத் சொத்தென்று விழுந்தது. வாய்க்கு வந்தபடி மச்சானைத் திட்டும் உசேனின் முணுமுணுப்பு பலகைக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து தூரமானது. அழுகின வைக்கோலும் பழைய சோற்றுத் தண்ணீரும் கலந்த ஒரு வாடை, சந்தின் வாயிலிருந்து மெல்லத் தவழ்ந்து வந்து தாவூதின் கணுக்காலைச் சுற்றி ஏறியது. வானம் மறுபடி கறுத்தது. மண்வெட்டி நின்றது.

“உசேனு?”

சுவருக்குள் இருமல்.

“தூங்கிட்டியா, சோம்பேறி?”

சுவரின் நடுவில், உள்ளேயிருந்து மூன்று தட்டு.

தாவூதுக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் காதை வைத்தான். பலகை ஜில்லென்றிருந்தது. மெதுவாக உப்பியது. மெதுவாக அடங்கியது. வால்டரைக் கூப்பிடலாம் என்று நினைத்தான். அந்த ஆள் முகத்தில் வரப்போகும் வெற்றியை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டான். இந்த நேரத்திலும் ரோஷம். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கடப்பாரையை எடுத்துக் குத்தினான். தாருக்கு அடியில் மரமே இல்லை. ஊறின ரொட்டி. பிய்த்தான். உள்ளே தூளும் இல்லை. செங்கல்லிலிருந்து பலகைவரை வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம், பஞ்சுத் திரிகளாய்ப் பின்னித் தொங்கியது. அதற்குள் ஒரு கை.

பிடித்தான். அதுவும் பிடித்துக்கொண்டது.

“பயப்படாத ராசா. நா கீறேன்.”

அப்படி ஒரு வார்த்தையை அவன் உசேனிடம் அதுவரை சொன்னதேயில்லை.

இழுத்தான். தோள் வந்தது. தலை வந்தது. முகமெல்லாம் பூசணம் அப்பியிருந்தது. ஆனால் உசேனின் நெற்றி, உசேனின் மூக்கு. மொத்தமாய் அவன்மேல் சாய்ந்தான். குழந்தைபோலக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தாவூது அழுதுவிட்டான். முதுகைத் தட்டினான். வீட்டுக்குப் போலாம்டா. அக்கா சுடச்சுடக் கஞ்சி தருவா. இனிமே இந்த வேலையே வேணாம்.

மழை பிடித்துக்கொண்டது.

சுவரின் அந்தக் கோடியில், வெகு உள்ளே, யாரோ பலகையைப் பிறாண்டினார்கள்.

“மச்சான்.” உசேனின் குரல். திணறிக்கொண்டு. “வழி அடச்சிகிச்சு. என்ன இஸ்து வுடு மச்சான்.”

முதுகைத் தட்டிக்கொண்டிருந்த தாவூதின் கை பாதியில் நின்றது.

“மச்சான், நீ அங்க கீறியா?”

வாயைத் திறந்தான். காற்று வரவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள், மெதுவாக, இன்னும் கொஞ்சம் இறுகின.