சுவரில் இல்லாத ஸ்க்ரூ

டிவி ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

ஹரிஷ் அதைத் தூசியில்தான் முதலில் கவனித்தான். அலமாரியின் மேல்பலகையில் டிவியின் இரண்டு கால்களும் முன்பு இருந்த இடம் மட்டும் தூசி படாமல் பளிச்சென்று தெரிந்தது, கால்களோ அதற்கு முன்னால் நின்றன. பெங்களூர் ஈஜிபுராவில் தெருவில் தண்ணீர் லாரி போனாலே பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும், அந்த அதிர்வில் நகர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, தீபிகா பார்ப்பதற்குள் பின்னால் தள்ளினான். தள்ளும்போது பின்பக்கம் சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். டேப் உரிகிற சத்தம் அது என்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

டிவி வாங்கி மூன்று வாரம். ஐம்பத்தைந்து இன்ச். கவிழாமல் இருக்க ஒரு பட்டையும் தனியாக வாங்கி வந்திருந்தான். ஒரு நுனியை டிவியின் முதுகில் முடுக்கி, மறு நுனியைச் சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்ட வேண்டும். அதிதிக்கு இரண்டு வயது, எதைக் கண்டாலும் பிடித்துத் தொங்குவாள், முதல் வேலையாக அதை மாட்டுங்கள் என்று தீபிகா தினமும் நச்சரித்தாள்.

ஆனால் சுவர் வீட்டு ஓனர் கிருஷ்ணப்பாவுடையது. குடிவந்த வாரம் காலண்டருக்கு ஓர் ஆணி அடித்ததற்கே அந்த மனிதர் கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்து, தீபிகா எதிரில், எதிர்வீட்டுக்காரர்கள் எதிரில், புதுப் பெயின்ட் சுவரை நாசம் பண்ணிவிட்டாய் என்று கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஹரிஷ் சுத்தியலும் கையுமாகத் தலையைக் குனிந்துகொண்டு சாரி சார் என்றான். மறுபடி அவர் வாசலில் போய் அனுமதி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் ஆபீசில் அவனுக்கு வேலையே இதுதான். ஒவ்வொரு ரேக்கும் சுவரோடு முடுக்கியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன், சொந்த வீட்டில் பட்டையின் நுனியை டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிட்டு, ரெண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டியாச்சு என்றான்.

அவள் நம்பினாள். டிவிக்கு முன்னால் தடுப்பாகப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளையும் அன்றே எடுத்துவிட்டாள். அவள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே அவன் சும்மா இருந்தான். நினைத்தாலே அவனுக்குக் கேவலமாக இருந்தது.

பின்னால் தள்ளி வைத்த மறுநாள் டிவி இரண்டு விரற்கடை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் திரையின் மேல்விளிம்பில் எட்டுச் சின்ன விரல்தடங்கள், பால் பிசுக்கோடு. அதிதி எக்கினாலும் திரையின் பாதிகூட எட்டாது. தடங்கள் வேறு, பின்னாலிருந்து யாரோ எட்டிப் பிடித்தால் விழுகிற மாதிரி, நுனி கீழே பார்த்து இருந்தன. சட்டை நுனியால் துடைத்தான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. காயப்போட்ட துணியை எடுக்க தீபிகா மொட்டைமாடிக்கு ஓட, ஹாலில் ஈரச் சுவரின் வாடையும், மழைச் சத்தமும், அரைவெளிச்சமும் மட்டும் இருந்தன. ஹரிஷ் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்ர்.

பாய்ந்துபோய் இரண்டு கையாலும் டிவியைப் பிடித்தான். ஒற்றை ஆளாய் அவனே தூக்கி வைத்த டிவிதான். இப்போது நெஞ்சை அழுத்தியது. பின்னால் நின்று யாரோ தள்ளுகிறார்கள். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

கண்ணுக்கு நேரே கறுப்புத் திரை. அதில் ஹால் தெரிந்தது. சோபா தெரிந்தது. சோபாவில் ஒருத்தன், தலை குனிந்து, முகத்தில் போன் வெளிச்சம். கீழே தரையில் அதிதியின் சிவப்பு கவுன். குப்புற.

திரும்பினான். சோபா காலி. அதிதி சமையலறை வாசலில் நின்று பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நனைந்த துணிகளோடு தீபிகா வந்தாள். "என்னங்க, டிவியக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கறீங்க?"

ஸ்க்ரூ போடல. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முன்னால், அன்று சுத்தியலோடு தலைகுனிந்து நின்றது ஞாபகம் வந்தது, நாற்காலிகள் வந்தன, எங்க வீட்டுக்காரர் எல்லாம் பக்காவா செய்வார் என்று அவள் தன் அம்மாவிடம் போனில் சொன்னதும் வந்தது.

"தூசி தொடைக்கறேன்," என்றான்.

"கரண்ட் வந்ததும் தொடைச்சுக்கலாம், விடுங்க. பாப்பாவப் பாருங்க, நான் பால் காய்ச்சறேன்."

விட்டான்.

விழவில்லை. அழுத்தம் போயே போய்விட்டது. டிவி நேராக நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

அப்புறம்தான் முதுகில் மெத்தை பட்டது.

சோபா. எப்போது வந்து உட்கார்ந்தான்? கையில் போன். முகத்தில் அதன் வெளிச்சம். எழ முயன்றான். கால் வரவில்லை. தலை தானாகக் குனிந்தது. கண்ணை மட்டும் உயர்த்த முடிந்தது. கூப்பிட வாயைத் திறந்தான். குரல் இல்லை.

அதிதி பிஸ்கட்டைக் கீழே போட்டாள். தூக்கச் சொல்லும்போது செய்வதுபோல் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, டிவியைப் பார்த்து நடந்தாள்.

மேல்விளிம்பில், பின்னாலிருந்து, ஒவ்வொன்றாக, எட்டுச் சின்ன விரல்கள் ஏறின.

சர்ர்.

"அவ டிவிகிட்ட போனா போகட்டும், விடுங்க," என்று சமையலறையிலிருந்து தீபிகா சொன்னாள். "அதான் நீங்க மாட்டிட்டீங்களே."

அதிதிக்கு இன்னும் இரண்டு அடி பாக்கி. திரைக்குள் அவள் கீழே கிடந்தாள்.