இடது கைப் பிடி

நான் முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தாலே சாய்ந்து கிடப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். உடம்பு மோசமானவர்களை மறுபடி பரிசோதித்து, இருக்கிற அறையிலேயே இருக்கலாமா, மாடியில் படுத்த படுக்கையானவர்களோடு சேர்க்க வேண்டுமா என்று சொல்கிற நர்ஸ் நான். யாருக்குத்தான் என்னைப் பிடிக்கும்?

அன்று மழை மாலை. கடைசி அறையில், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன ஒரு வாத்தியார். பக்கத்துக் கட்டில் காலி. ஆனாலும் முகப்பவுடர் வாசனை அடித்தது.

"அவரு சம்சாரம் கட்டில், சிஸ்டர்," என்றாள் ஆயா மெதுவாக. "போன மாசம் தவறிட்டாங்க. இவரு கையைப் பிடிச்சுக் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருப்பாங்க. அப்பதான் தூங்குவாரு."

ஆயா வெளியே போனதும் வாத்தியார் கெஞ்சினார்.

"என்னை மாத்திடாதம்மா. அவ தேடுவா."

"பார்க்கலாம் சார். என் ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிங்க."

கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும்.

அவர் வலது கையில் பிடியே இல்லை.

இடது கையில் இருந்தது. சில்லென்று, இறுக்கமாக.

"அட, இடது கை தேறிடுச்சே சார்!"

கண்ணைத் திறந்தேன்.

அவருடைய இடது கை போர்வைக்குள் கிடந்தது.

என் கையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பிடி விடவில்லை.

கட்டைவிரல் ஒன்று என் புறங்கையைத் தடவியது.

கையை உதறிக்கொண்டு எழுந்தேன். நல்லாயிருந்த கையும் விழுந்துவிட்டது, மாடிக்கு மாற்றத்தான் வேண்டும் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன்.

இரண்டாம் நாள் ஆயா போன் செய்தாள். "வாத்தியாரு தூங்கவே மாட்டேங்கறாரு சிஸ்டர். கை காலியா இருக்குன்னு அழறாரு. கீழ அந்த ரூம்ல பவுடர் வாசனையும் போயிடுச்சு."

தெரியும். அந்த வாசனை என் வீட்டில் இருந்தது.

அந்தப் பிடியை அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், நாளைக்கே போகிறேன் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு விளக்கை அணைத்து, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து படுக்கிறேன். யாரும் பிடித்துப் பல வருஷமான கை இது.

சில்லென்ற விரல்கள் வந்து கோத்துக்கொள்கின்றன. கட்டைவிரல் தடவத் தொடங்குகிறது.

நான் கையை உதறுவதில்லை.