கழுவாத கலவை

இந்தப் பலகையில் நார் இருக்க முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஏழாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று அவள் மறுபடி குனிந்து தொட்டுப் பார்த்தாள். காலையில் மழமழவென்றிருந்த கான்கிரீட் பலகையில், மதியத்துக்குள் பூனைமயிர் போல ஏதோ அரும்பியிருந்தது. கீழே எங்கோ கல் அறுக்கும் ஓசையும், ஈரச் சிமெண்டின் நெடியும், ஜன்னலில்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒயரில் தொங்கிய ஒற்றை பல்பின் ஆட்டமும் சேர்ந்து, பலகை மெல்ல மூச்சு விடுவது போல ஒரு மயக்கத்தை உண்டாக்கின.

கம்பி கட்டாத மெல்லிய பலகைகள் இவை. கலவையில் சேர்க்கும் பிளாஸ்டிக் நார்தான் விரிசலை இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு வாளி எடுத்துக் கழுவி, பிரிந்து வரும் நாரை எடைபோட்டுக் கையெழுத்திடுவது அவள் வேலை. தண்ணீர் கொண்டுவருவது ஒரு சித்தாள். வாயாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"தண்ணி கொண்டு வரட்டாக்கா? இல்ல, இன்னைக்கு உங்க பேனாவே கழுவிடுமா?" என்று ஒரு நாள், எண்ணெய் மினுங்கும் நீளச் சடையைப் பின்னியபடி சிரித்தாள் வாயாடி.

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள். "இன்னைக்கு வேணாம்டி," என்று கழுவிப் பார்க்காமலே கையெழுத்திட்டுவிட்டு அவள் ஓடினாள். மறுநாள் கலவை எந்திரத்துக்குப் பின்னால் நார்ப்பைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் போயின. பிறகு ஆறாம் மாடிப் பலகை ஒடிந்தது. மணல் சட்டியோடு அதன்மேல் ஏறியவள் வாயாடி. கிரேன் இடித்ததாக எழுதி முடித்தார்கள்.

இது அதே கலவையில் வார்த்த இன்னொரு பலகை. இதை இடிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் பொறியாளரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

ஒன்றைப் பிடுங்கினாள். கறுப்பு. இங்கே வாங்கிய நார் வெள்ளை.

லைட்டரைக் கொளுத்திக் காட்டினாள். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும். இது சுருண்டது. மயிர் பொசுங்கும் நாற்றம்.

பிடுங்கிய இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அது பெரிதாகிக்கொண்டிருந்தது.

படியேறி வந்த பொறியாளர் மூச்சு வாங்கியபடி இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார்.

"அட, நார்தான் வெளியவே தெரியுதே! பலகையை இடிக்கணும்னு நாலு நாளா என் உயிரை எடுத்தியேம்மா!"

"சார், இது..."

"நாளைக்குக் குடி வர்றாங்க. 'நேரில் பார்த்தேன், நார் இருக்கு'ன்னு ஒரே வரி. உன் பழைய கையெழுத்தும் தப்பிச்சுது, என் வேலையும் தப்பிச்சுது."

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு லேசானது. செத்தவளே வந்து சாட்சி சொல்கிறாள். எழுதிவிட்டால் போதும். யாரும் கேட்கமாட்டார்கள். தன் மகள்கூட.

அந்த நிம்மதிதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

கணுக்காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள். மயிர் முழம் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. எண்ணெய் மினுமினுப்பு. காற்றே இல்லை. ஆனாலும் அசைந்தது. மூன்று பிரியாகப் பிரிந்தது. அவள் காலைச் சுற்றி, அவசரமில்லாமல், பின்னத் தொடங்கியது.

"என்னம்மா யோசனை? போடு."

அவள் காலை இழுக்கவில்லை.

"போட மாட்டேன் சார்," என்றாள், மெதுவாக.