செவந்தி பேசினாள்

நிலவழகன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் நினைத்ததோடு சரி. இந்தப் பொம்பளையின் மண்டையைப் படம் எடுத்தால் உள்ளே மூளை இருக்காது, பூக்கூடைதான் இருக்கும் என்று நினைத்தான். அதே நொடியில், எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அந்தப் பிள்ளை சிரித்தது.

அது குழந்தைச் சிரிப்பு இல்லை. அடுத்தவரின் மடத்தனத்தைக் கண்ட பெரிய மனிதர்கள் உதட்டைப் பிரிக்காமல் மூக்கால் ஒரு மூச்சு விடுவார்களே, அந்த மாதிரி.

“சார்! எம்புள்ள செவந்தி சிரிச்சிருச்சு சார்!” அமுதவல்லி எழுந்த வேகத்தில் மடியில் இருந்த முல்லைச்சரம் தரையில் விழுந்தது. “பாத்தீங்களா? ஒம்போது வருசத்துல ஒருநாள் சிரிச்சதில்லைங்க.”

“நல்ல அறிகுறிம்மா. உக்காருங்க,” என்றான், அவனுக்கே உரிய மெத்தென்ற குரலில்.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையை விட்டு விலகி, தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்த ஆராய்ச்சிக்கூடம். வலிப்பாலோ மூளைக்காய்ச்சலாலோ பேச்சு வராமல் போன பிள்ளைகளின் மூளையை நிலவழகன் படம் பிடிப்பான். பேச்சுக்கான இடம் எங்கே உறங்குகிறது என்று அந்தப் படத்தில் குறித்துக்கொள்வான். பிறகு தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து, டக் டக்கென்று அடித்து அந்த இடத்தை எழுப்பப் பார்ப்பான். வெளிநாட்டில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். ஆனால் அங்கே ஒரு குழந்தையின் தலையைத் தொடுவதற்குள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இங்கே கும்பிடு போடுகிறார்கள். அதற்காகத்தான் திரும்பி வந்தான்.

யாரிடமும் அவன் குரலை உயர்த்தியது கிடையாது. கீரமங்கலத்துப் பூ மார்க்கெட்டில் சரம் கட்டிப் பிழைக்கும் அமுதவல்லியை ‘நீங்க வாங்க’ என்றுதான் பேசுவான். அவள் புருஷன் வளைகுடாவில் கொத்து வேலை பார்ப்பதைக் கேட்டபோது பரிவோடு தலையசைத்தான். உள்ளே மட்டும் வேறு ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். இதுகளுக்கு மூளை ஒரு கேடா? உதவியாளாக வைத்திருந்த பிளெஸ்ஸி வேலைக்கு நடுவே ஜெபப்பாட்டை முணுமுணுக்கும்போது, ஆடு ஒன்று அசைபோடுவதாக நினைத்துக்கொள்வான். பிள்ளைகளைப் பற்றி அவ்வளவுகூட நினைப்பதில்லை. கல்லில் அடித்தால் கல்லுக்கு என்ன தெரியும்?

சிரிப்பைக் கண்டதும் அவனுக்கு ஆசை பிறந்தது. செவந்தியின் தலையில் பட்டை போட்டுக் கட்டியிருந்த சுருளின் வேகத்தை ஏற்றினான்.

பிளெஸ்ஸி திரையை எட்டிப் பார்த்தாள். “சார், இது பெரியவங்களுக்கு வைக்கிற அளவுங்களே.”

“எனக்குத் தெரியும்மா. நீங்க அந்தக் கதவைச் சாத்துங்க.”

அமுதவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வலிக்குமாங்க புள்ளைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“எறும்பு கடிக்கிற மாதிரிகூட இருக்காதும்மா.”

சன்னல் இல்லாத அறை அது. வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கும் ஓசை தூரத்துக் கூட்டத்தின் பேச்சு போலக் கேட்டது. குளிர்ந்த காற்றில் முல்லை வாசம் ஏறி ஏறி, கடைசியில் இனிப்பும் அழுகலுமாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. என்ன நாற்றம் இது, என்று அவன் நினைத்தான்.

“பூ,” என்றது பிள்ளை.

அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. “பூங்குது சார்! என் சாமி, பூன்னு சொல்லுது!”

“பூ நாற்றம்,” என்றது பிள்ளை. திருத்தமான உச்சரிப்பு. “பூக்காரி நாற்றம்.”

பிளெஸ்ஸியின் கை கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்தது. நிலவழகன் சிரிக்க முயன்றான். எங்கேயோ கேட்ட சொற்களைப் பிள்ளை திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான், என்று விளக்கப் பார்த்தான். பேச்சுக்கு நடுவில் ஒரு சொல் வேண்டியிருந்தது. எதிரே நிற்கும் இந்தப் பெண் விற்கிறாளே, வெள்ளையாக, நூலில் கட்டி... நாக்கு அந்த இடத்துக்குப் போய், பல் விழுந்த ஈறைத் தடவுவதுபோல் வெறும் குழியைத் தடவித் திரும்பியது.

கரண்டு போயிற்று.

மூலையில் சின்ன அவசர விளக்கு மஞ்சளாக எரிந்தது. “ஜெனரேட்டரைப் பாத்துட்டு வாரேங்க,” என்று பிளெஸ்ஸி ஓடாத குறையாக வெளியே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. கருவி அணைந்து கிடந்தது. திரை கறுப்பு. ஆனால் டக் டக்கென்ற அடி நிற்கவில்லை.

சுருளைத் தொட்டுப் பார்த்தான். அசைவே இல்லை. காதை அதன் அருகே கொண்டுபோனான். அங்கேயும் இல்லை. இடது காதுக்கு மேலே, தன் எலும்புக்கு உள்பக்கம், யாரோ விரல் மடக்கித் தட்டுகிறார்கள்.

“இவளிடம் எதைச் சொன்னாலும் நம்புவாள்,” என்றாள் செவந்தி. அவள் கண்கள் இப்போது அலையவில்லை. அவன் முகத்தில் நின்றன. “பெரியவர்களுக்கு வைக்கும் அளவு. வலிக்கும். வலித்தால் என்ன? கல்லுக்கு என்ன தெரியும்?”

அமுதவல்லி மகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “சார், இது யாரு பேச்சு? எங்க வீட்டுல யாரும் இப்புடிப் பேச மாட்டமே.”

“அம்மா, பிள்ளை குழம்பியிருக்கு. தூங்க ஒரு மருந்து கொடுத்துருவோம்.” தட்டிலிருந்து புட்டியை எடுத்தான்.

“தூக்க மருந்து,” என்றாள் செவந்தி. “கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் வாயே திறக்காது.”

கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தான். கண்ணாடியில் ஒரு பொருள். உள்ளே தண்ணீர் மாதிரி. எதற்காக எடுத்தோம்?

அமுதவல்லி அதை அவன் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்தாள். கத்தவில்லை. அழவில்லை. தலைப்பட்டையை அவிழ்த்து மகளைத் தூக்கி, தரையில் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டாள். நசுங்கிய முல்லையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“வேணாம் சார். ஒரு சொல்லுக்கு ஒம்போது வருசமாக் காத்துக் கெடந்தேன். எது வந்தாலும் வரட்டும். என்னை வையட்டும்.” மகளின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். “நீ சொல்லுத்தா. இன்னும் சொல்லு.”

செவந்தி சொன்னாள். ஆட்டைப் பற்றிச் சொன்னாள். கும்பிடும் கைகளைப் பற்றி. ஒவ்வொரு தாயைப் பற்றியும் அவன் நினைத்ததை, மெத்தென்று, அவசரமில்லாமல். அவள் குரல் வரவர இறங்கிக் கனத்தது. சொல்லச் சொல்ல அவனுக்குள் இடம் காலியானது. வெறுப்புத்தான் போகிறது என்றால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. பனி பெய்யும் ஒரு தெருவைச் சொன்னாள். அந்தத் தெரு போயிற்று. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டைச் சொன்னாள். எண்கள் போயின. மாத்தூரில் அவன் அம்மா மீன் கழுவிய அலுமினியச் சட்டியைச் சொன்னாள். அம்மா போனாள்.

காதைப் பொத்தினான். பலனில்லை. உள்ளே தட்டுகிறது.

ஓட வேண்டும். அந்த அங்கே. அந்தப் பலகை. திறக்கிறது. அதன் பெயர் என்ன? எப்படித் திறப்பது?

“இவரு பேரு என்னத்தா?” என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

“நிலவழகன்.”

நல்ல பெயர். யாருடையது? அவன் சுற்றிலும் பார்த்தான். மஞ்சள். இருட்டு. தரையில் இரண்டு பேர். பெரிய ஒருத்தி. சின்ன ஒன்று. சின்னதின் வாய் அசைகிறது.

சுவர். முதுகில் குளிர்ச்சி.

பலகை திறந்தது. டார்ச்சின் ஒளி ஒரு கீற்றாக விழுந்தது. வெளியே நின்றவள் உள்ளே வரவில்லை.

“சார், டீசல் வாங்க ஆள் போயிருக்காங்க. கரண்டு வர லேட்டாகுமுங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

அவன் வாயைத் திறந்தான். முடிந்த மட்டும் திறந்தான். நாக்கு புரண்டது, தொண்டை ஏறி இறங்கியது. காற்று மட்டும் வந்தது.

தரையிலிருந்து, மெத்தென்று, ஒரு ஆண்குரல் சொன்னது:

“ஒண்ணுமில்லம்மா. வேலை நல்லாப் போயிட்டிருக்கு. நீங்க அந்தக் கதவைச் சாத்துங்க.”

“சரிங்க சார்.”

ஒளிக்கீற்று ஒடுங்கிக்கொண்டே வந்தது. அது மறைவதற்கு முன் அவன் கண்டது, மடியில் கிடந்த பிள்ளையின் உதட்டோரத்து எச்சிலை அந்தப் பெண் முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டு, அடுத்த சொல்லுக்காகக் குனிந்து காதை வைத்ததைத்தான்.