காகிதத்தில் நின்றவள்

குழாய் சரிசெய்ய வந்தவர், போகிறபோது கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு நின்றார். "இந்தம்மா ஏன் சார் நமக்கு முதுகு காட்டிட்டு நிக்கிறாங்க?"

பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. கதவு உயரம் இருந்த அந்தக் கொலாஜ் ஒட்டுப்படத்தை வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பழைய கடித உறைகள், சணல் துணி, துருப்பிடித்த தகரம், எல்லாவற்றின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு. உருவம் பாதி, அரூபம் பாதியாக இருக்கும் இவ்வகைப் படங்களை இருபது வருடமாகச் சேர்க்கிறவர் அவர். எந்தக் காகிதம் கையால் கிழித்தது, எது கத்தரித்தது என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவார். இதில் அவர் கண்டது ஒரு மதிலும் ஆற்றங்கரையும்தான். பெண் யாரும் இல்லை.

"எங்கே நிக்கிறாங்க?"

"நடுவுலதான் சார். பின்னல்கூடத் தெரியுதே."

அன்று மதியம் கிளினிக்குக்குப் போகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார், சுவரோரம் பின்வாங்கிப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பூதக்கண்ணாடி பிடித்து, கடைசியில் நாற்காலிமேல் ஏறியும் பார்த்தார். மதில் மதிலாகவே இருந்தது, காய்ந்து மாதக்கணக்கான படத்திலிருந்து இப்போதுதான் பூசியதுபோல் ஈரப் பசையின் புளித்த வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு முதல் நாளே தெரிஞ்சுதே," என்றாள் மனைவி. "உங்களுக்குத் தெரியலைன்னு வெளியில சொல்லிடாதீங்க. மானம் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். "குப்பைக்கூடையைக் கவிழ்த்து ஃப்ரேம் போட்டுக் குடுத்தாலும் வாங்குவீங்க மாமா. ஆனா இது பரவாயில்ல. அந்த மூக்கு, அந்தத் தாடை, நல்லா வந்திருக்கு."

"முதுகு காட்டி நிக்கிறவளுக்கு ஏதுடா மூக்கு?"

"பக்கவாட்டாத்தானே நிக்கிறா?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. "நேத்து வரைக்கும் முதுகுதான் தெரிஞ்சுது," என்றாள் மெதுவாக.

அக்காவும் தம்பியும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூதக்கண்ணாடியை மேசையில் வீசினார். மனைவி அதோடு விடவில்லை. தம்பியோடு கிளம்பினாள். "அதைக் கழட்டி வெச்சிட்டுப் போன் பண்ணுங்க. வரேன்."

"காகிதத்துக்குப் பயந்து வீட்டை விட்டுப் போறியா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் மாலை, வெயில் இறங்குகிற நேரம், படத்துக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரில் எவனெவனுக்கோ தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. காறித் துப்பலாம்போல் இருந்தது. எங்கோ காகிதம் கிழிபடும் சத்தம். மெல்ல, நூல் பிரிவதுபோல். எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. அப்புறம் நின்றது.

பசை வாடை கூடத்தை நிறைத்திருந்தது.

மனைவியை வீடியோவில் அழைத்து, போனைப் படத்தின் பக்கம் திருப்பினார். "எங்கே இருக்கான்னு சொல்லு. தலை எது, கால் எது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."



"அவ இல்லைங்க," என்றாள். "அவ நின்ன இடத்துல வெறும் ஓட்டை இருக்கு."

"என்ன ஓட்டை? எல்லாம் அப்படியேதான் இருக்கு. என்னைப் பைத்தியமாக்காதே."

முகத்துக்கு நேரே திட்டுவதற்காகப் போனைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் மனைவி. அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"என்னங்க... அசையாதீங்க."

திரும்பினார். வெற்றுச் சுவர். நாற்காலி. ஜன்னல். ஒன்றுமில்லை.

"எங்கேடி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிடரியில் ஈரம். ஜில்லென்று. அகலமாக. கையை உயர்த்தினார். தோலைத் தவிர விரலில் எதுவும் படவில்லை. ஆனாலும் பசை தடவிய காகிதத் துண்டுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்து இறுகியது. இன்னொன்று தாடைமேல்.

திரை மூலையில் சின்னக் கட்டத்தில் அவர் முகம். சுத்தமாக. மேலே ஒரு துண்டும் இல்லாமல்.

அடுத்த துண்டு வாய்மேல் படிந்தது. கத்தப் பார்த்தார். உதடு பிரியவில்லை. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, காற்றுக்குமிழ் நிற்காதபடி, பொறுமையாக, ஒரு விரல் அதை நீவிக்கொண்டே வந்தது.