போர் பைப்பில் கட்டிய எர்த்

நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் மோட்டார் நிற்கவில்லை.

ராபின் குனிந்து பார்த்தான். மரப்பலகை செதுக்குவதற்காகப் பின்னறையில் அவனே கோத்த மெஷின் அது. கரண்ட் போனதும் மின்விசிறி கடைசிச் சுற்றில் தயங்குமே, அதுபோல மோட்டாரின் முனை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தயங்கியதே தவிர நிற்கவில்லை. பிற்பகல்தான், ஆனால் ஐப்பசி மழையில் வானம் கரியாகக் கறுத்து, அறைக்குள் விளக்கு போட வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரீசியனாக இருப்பவனுக்கு இதெல்லாம் பழகியதுதான். கம்ப்யூட்டர் பக்கத்து போர்டு ஐந்து வோல்ட்டுக்கு மேல் தராது. தொழிற்சாலை மோட்டாரை ஓட்டும் டிரைவோ பத்து வோல்ட் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, வருவதை இரட்டிப்பாக்கிக் கொடுக்க ஒரு குட்டி போர்டு வைத்திருந்தான். வோல்ட் ஏறினால் வேகம் ஏறும். வோல்ட் இல்லாவிட்டால் நிற்க வேண்டும். போர்டிலிருந்து தொங்கிய சிக்னல் வயரில் வோல்ட் மீட்டரை வைத்தான். எங்கிருந்தோ கொஞ்சம் வோல்ட் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சோனியா டீயோடு வந்தாள். மீட்டர் ஏறியது. மோட்டார் உறுமியது.

"அய்யய்யோ, நா ஒண்ணும் தொடலியே!"

"வயரு சும்மா தொங்குது. ஆளு கிட்ட வந்தா இய்த்துக்கும். பின்னால போயேன்... பாத்தியா, எறங்குது."

"உன் மிசினுக்குக்கூட என்னப் பாத்தா பேஜாரா கீதா?" சிரித்தபடி கதவருகே நின்றாள். "ஜெனிபரு இப்பதான் கண்ண மூடுச்சு. சத்தத்துல எயுந்துச்சுன்னா நீதான் தூளி ஆட்டணும், சொல்லிட்டேன்."

பிரார்த்தனையும் மருந்துமாக வருஷக்கணக்கில் காத்திருந்து பிறந்த மகள். பக்கத்து அறைத் தூளியில் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சோனியாவும் போய்ப் பாயில் சாய்ந்தாள்.

ஒட்டிக்கொண்ட வோல்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிட, சிக்னல் வயருக்கு ஒரு எர்த் கொடுத்தால் போதும். எர்த்துக்கென்று இந்தப் பக்கம் யார் தனியாகக் குழி தோண்டுகிறார்கள்? ஆழ்துளைக் கிணற்றின் போர் பைப் இருந்தால் அதில் சுற்றிவிடுவார்கள். கொல்லையில் பலகைக்கல் போட்டு மூடிய பழைய போர் ஒன்று இருந்தது. கல்லுக்கு வெளியே தெரிந்த துருப்பிடித்த பைப் விளிம்பில் எர்த் வயரை இறுக்கினான்.

மதில்மேல் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் தலை தெரிந்தது. முக்காடாக ஒரு சிமெண்ட் பை. "இன்னா நைனா, மயயில குந்திக்கினு?"

"எர்த்து கட்றேன்க்கா."

"அதுலயா?" அவள் குரல் இறங்கியது. "மின்ன இங்க இருந்த முனுசாமி புள்ள வுய்ந்த போராச்சே அது. ஊடு வித்தவன் சொல்லலியா?"

"அத மூடித்தான் எவ்ளோ வருசமாச்சே."

"மூடுனாங்க, நைனா. எடுக்கல."

அவன் உள்ளே வந்தான். மோட்டார் நின்றிருந்தது. மீட்டரில் பூஜ்யம். அப்பாடா என்று டீயை எடுத்தான், ஆறிப்போயிருந்தது.

மோட்டார் முனகியது.

திரும்பினான். கதவருகே யாருமில்லை. மீட்டர் கொஞ்சம் ஏறி நின்றது. மறுபடி கொஞ்சம். நடை பழகும் பிள்ளை ஓரடி வைத்து, சுவரைப் பிடித்து நின்று, அடுத்த அடி வைப்பது போல. எங்கோ ஆழத்தில் காற்றுப்படாமல் ஊறிய சேற்றின் வாடை அறைக்குள் பரவியது. ராபின் மெயின் சுவிட்சை அணைத்தான். விளக்கு போயிற்று. மோட்டார் அடங்கியது. பேட்டரியில் ஓடும் மீட்டரில் மட்டும் எண்கள் ஒளிர்ந்தன.

ஏறிக்கொண்டேயிருந்தன.

கரண்டே இல்லாத போர்டில் எங்கிருந்து வோல்ட்? சிக்னல் வயரை உயரத் தூக்கினான். எண் இறங்கியது. இடுப்பளவுக்குக் கொண்டுவந்தான். ஏறியது. முழங்காலுக்குத் தாழ்த்தினான்.

பத்து.

அவன் முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது அது. பேண்ட் துணியை ஏதோ பிடித்து இழுத்தது. லேசாக. தூக்கிக்கொள்ளச் சொல்வது போல.

ஓடினான். கொல்லையில் வழுக்கி விழுந்து, எழுந்து, எர்த் வயரைப் பிடுங்கி எறிந்தான். மழை முகத்தில் அறைந்தது. கன்னியம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"ஏன் நைனா புடுங்குன?"

"வந்துச்சுக்கா... வயரு வயியா உள்ள வந்துச்சு..."

அவள் மதிலைப் பிடித்துக்கொண்டாள். "வந்ததுன்ற. போறதுக்கும் அதாண்டா வயி."

உள்ளே பாய்ந்தான். மீட்டரில் பூஜ்யம். சிக்னல் வயரை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், மூலைமூலையாக நீட்டினான். பூஜ்யம். இந்த அறையில் அது இல்லை.

பக்கத்து அறையில் கயிறு முனகியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். தரையில் ஈரத் தடங்கள், உள்ளங்கை அகலம்கூட இல்லாதவை. பாயில் படுத்தபடி, கண்ணைத் திறக்காமலே, சோனியா தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க," என்றாள் தூக்கக் குரலில். "பாப்பா இன்னா இவ்ளோ கனமா கீது?"

தூளி தரையைத் தொட்டுத் தொட்டு ஆடியது. அடித்துணியிலிருந்து சேறு சொட்டியது. தூளிப் புடவையின் வாயில் ஜெனிபரின் பஞ்சுக் கை வெளியே நீண்டிருந்தது. அதன் விரல்களோடு விரல் கோத்திருந்தது, நகமெல்லாம் மண் அடைந்த இன்னொரு சின்னக் கை.