கிளாரன்ஸ் அங்கிளின் பல்

கல்லறைக்குப் போகும் வழியில் டிரம்பெட் நின்றுவிட்டது.

பாட்டு பாதியில் இருந்தது. கிளாரினெட்டுகள் மட்டும் தொடர்ந்தன. சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய மேளம் அடித்த கிளாரன்ஸ் அங்கிள் இன்னும் பலமாக அடித்தார். அப்படி அடித்தால் குறை தெரியாது.

கேரலுக்குத் தெரிந்தது. நின்ற டிரம்பெட் அவள் அப்பாவுடையது.

கேரலுக்குப் பத்து வயது. வீடு தொம்மலூரில். இறந்தது பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் ஆன்ட்டி. அதனால் பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தாள். முன்னால் அப்பா ஓஸ்வால்ட், பேண்டின் வெள்ளை யூனிஃபார்மில், வரிசையை விட்டு ஓரமாக ஒதுங்கினார். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். கைக்குட்டை சிவந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டோரீன் அந்தக் கைக்குட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாள் இல்ல. மாசம்," என்றார் அப்பா.

"பிரஷ் பண்றீங்களா, இல்லையா?"

"பண்ணா ரத்தம் வருது. அதான் முன்பல்லை மட்டும் விட்டுட்டேன்."

"விட்டதுனால ஜாஸ்தி வருது. ஆஸ்பத்திரிக்குப் போய் சுத்தம் பண்ணிக்குங்க."

அப்பா டீ கப்பைக் கீழே வைத்தார். "பேண்டுல ஊதுறவன் பல்லுல டாக்டர் கை படக்கூடாது. கிளாரன்ஸ் கதை தெரியும்ல?"

எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பேண்டில் டிரம்பெட் ஊதியவர் கிளாரன்ஸ் அங்கிள்தான். பல்லைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குப் பிறகு கீழ் முன்பற்கள் இரண்டு விழுந்தன. டிரம்பெட்டை உதட்டில் அழுத்தி ஊதும்போது உதட்டுக்குப் பின்னால் பல், சுவர் மாதிரி நிற்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் காற்றுதான் வரும். அன்றிலிருந்து அவர் பெரிய மேளத்தைத் தூக்கிக்கொண்டார்.

விழுந்த பல்லில் ஒன்றை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பல் டாக்டர் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், டப்பாவைத் திறந்துவிடுவார்.

"பல்லைப் பிடிச்சிட்டு நிக்கறதே அதுமேல படிஞ்சிருக்கிற கல்லுதான், சிமெண்டு மாதிரி," என்றார் அப்பா. "அதை உடைச்சா பல்லு எப்படி நிக்கும்?"

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

அப்பா டீ கப்பை மறுபடி எடுத்தார். பேண்டில் பெரிய மேளம் ஒன்றுதான். அதற்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்.

அவர் நாக்கால் கீழ்ப்பல்லைத் தள்ளிப் பார்ப்பதை கேரல் கவனித்தாள். பல் ஆடியது. அவளுடைய பால்பற்களும் விழுவதற்கு முன் அப்படித்தான் ஆடின. ஆனால் அவளுக்கு வேறு பல் முளைத்தது.

அடுத்த வாரம் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து கேரலின் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார்கள். கேரலைப் பார்த்தவர் டாக்டர் வித்யாலட்சுமி. சேலத்துக்காரர். பேச்சு கொஞ்சம், வேலை வேகம்.

"ஆ காட்டு. நல்லாத்தான் தேய்க்கிற. கீழ்ப்பல்லு உள்பக்கம் மட்டும் விட்டிருக்க."

கொக்கி போன்ற ஒரு கருவியால் சுரண்டினார். பிறகு கேரலின் உள்ளங்கையில் எதையோ வைத்தார். மஞ்சளாக, மணலைப் போலச் சொரசொரப்பாக இருந்தது.

"இது என்ன டாக்டர்?"

"பல் கல்லு. பல்லுல ஒட்டுற அழுக்கும் எச்சில்ல இருக்கிற உப்பும் சேர்ந்து இப்படி ஆயிடும். ஆனப்புறம் பிரஷ்ல போகாது. நாங்கதான் எடுக்கணும்."

"இதுதான் பல்லைப் பிடிச்சிட்டு நிக்குதா?"

டாக்டர் கையை நிறுத்தினார். "யாரு சொன்னது? பல்லைப் பிடிக்கிறது ஈறும் எலும்பும். கல்லு சேர்ந்தா ஈறு புண்ணாயி விலகிப் போகும். கல்லு இன்னும் கீழே இறங்கும். எலும்பும் கரையும். அப்புறம் பல்லு விழுந்துடும்."

"எங்க டாடி டிரம்பெட் ஊதுறாங்க. பல்லு ஆடுது."

"எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. சீக்கிரம் வா. நாள் போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கேரல் வீட்டில் சொன்னாள். அப்பா ஒரே வரியில் முடித்தார்.

"கிளாரன்ஸ்கிட்ட போய்க் கேளு."

கேரல் போய்க் கேட்டாள்.

பேண்டின் அறை எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்காவது சாவு என்றால் அந்த பூத்துக்குத்தான் போன் வரும். சுவரில் யூனிஃபார்ம்கள் தொங்கின. கிளாரன்ஸ் அங்கிள் மேளத்தின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், அந்தப் பல்லைப் பார்க்கலாமா?"

"பாரு, பாரு. பார்த்துட்டு உங்கம்மாகிட்ட சொல்லு," என்று டப்பாவைத் திறந்தார். "மியூசியத்துல இருக்கறதையெல்லாம் காசு குடுத்துப் பார்க்கணும். இது ஃப்ரீ."

சீட்டாடியவர்கள் சிரித்தார்கள்.

பல் நீளமாக இருந்தது. இத்தனை நீளப் பல்லா வாய்க்குள் இருக்கிறது என்று கேரலுக்கு வியப்பாக இருந்தது. விரலால் தடவினாள். நுனி வழவழப்பாக இருந்தது. அதற்குக் கீழே, வேர் வரைக்கும், சொரசொரப்பாக ஏதோ அப்பியிருந்தது. பழுப்பு மஞ்சள். சில இடத்தில் கறுப்பு.

பள்ளி வராந்தாவில் அவள் உள்ளங்கையில் இருந்தது ஒரு துணுக்கு. இது ஒரு பாளம்.

கேரல் வாயைத் திறந்தாள். சீட்டாடுபவர்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்து அவர்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தாள்.

"நீ இன்னும் போகலியா?" என்றார் கிளாரன்ஸ் அங்கிள்.

"அங்கிள், இந்தப் பல்லை டாக்டர் சுத்தம் பண்ணாங்களா?"

"பண்ணாங்க. அதனாலதான் விழுந்துச்சு."

"சுத்தம் பண்ணியிருந்தா கல்லு இருக்காதே. இதுல நிறைய இருக்கு."

கிளாரன்ஸ் அங்கிள் பல்லை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். எத்தனையோ பேருக்கு அவர் காட்டிய பல். அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

வெளியே ஒரு பஸ் போனது. ஜன்னல் அதிர்ந்தது.

"மேல் வரிசையை முதல்ல பண்ணாங்க," என்றார் மெதுவாக. "வலி. ஒரே ரத்தம். சாப்பிட்டுட்டு வரேன்னு சொல்லி எழுந்து வந்தேன். திரும்பப் போகல."

"கீழே பண்ணவே இல்லையா?"

"இல்ல."

"மேல் பல்லு?"

அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேலே எல்லாப் பற்களும் இருந்தன.

"பயந்து ஓடினேன்னு சொல்ல முடியுமா? டாக்டர் கெடுத்துட்டான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு." டப்பாவை மூடினார். "உங்க டாடிகிட்ட சொல்லப்போறியா?"

கேரல் யோசித்தாள். சொன்னால் அப்பா நம்பக்கூடும். நம்பினாலும் நாற்காலியில் கடைசி வரை உட்காருவாரா? அப்பாவும் வலி தாங்காதவர்.

"சொல்ல மாட்டேன், அங்கிள். நீங்க கூட வாங்க, அது போதும். டாடி பாதியில எழுந்துடுவாங்க. நீங்க பக்கத்துல இருங்க."

அவர் மேளத்தின் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டத் தொடங்கினார். கேரல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளாரன்ஸ் அங்கிள் வாசலில் நின்றார். சவரம் செய்திருந்தார்.

"ஓஸ்வால்ட், கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். சட்டையைப் போடு."

அப்பா கேரலைப் பார்த்தார். கேரல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து வாசனை அடித்தது. வரிசையாக நாற்காலிகள். வரிசையாகத் திறந்த வாய்கள். ஒரு நர்ஸ் கன்னடத்தில், "பன்னி, கூத்கொள்ளி," என்று உட்காரச் சொல்லி, காலி நாற்காலியைக் காட்டினார். அப்பா கம்பிபோல் விறைத்து உட்கார்ந்தார்.

டாக்டர் வித்யாலட்சுமி ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரொம்ப நாள் விட்டுட்டீங்க."

"பல்லு நிக்குமா, டாக்டர்?"

"எல்லாமே நிக்கும்னு சொல்ல மாட்டேன். இப்படியே விட்டா ஒண்ணும் நிக்காது."

கருவி கீச்சென்று கத்தத் தொடங்கியது. தண்ணீர் தெறித்தது. அப்பா துப்பினார். கிண்ணத்தில் ரத்தம், அதில் மஞ்சள் துண்டுகள். மறுபடி கருவி. மறுபடி ரத்தம். அப்பாவின் கால்விரல்கள் மடங்கின. கேரல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திடீரென்று அப்பா டாக்டரின் கையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும். மீதியை அப்புறம் பார்க்கலாம்."

ஒரு பெரிய கை அவர் தோளில் விழுந்தது. மேளம் அடிக்கும் கை.

"உட்காரு," என்றார் கிளாரன்ஸ் அங்கிள். "நான் எழுந்தேன். அதான் போச்சு."

அப்பா அவரையே பார்த்தார். டாக்டர் காத்திருந்தார்.

அப்பா உட்கார்ந்தார். வேலை முடியும்வரை அந்தக் கை தோளை விட்டு அகலவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை.

பற்களுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது. கல் இருந்த இடம் அது. தண்ணீர் பட்டாலே கூசியது. பற்கள் முன்பைவிட அதிகமாக ஆடுவதுபோல் அப்பாவுக்குத் தோன்றியது. சில வாரங்கள் டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. சிவாஜி நகரிலிருந்து வேறு ஒருவரைக் கூட்டிவந்து ஊதவைத்தார்கள். ஊர்வலம் தெருவைத் தாண்டும்வரை அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். புது டிரம்பெட்டின் சத்தம் கதவு வழியாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு," என்றார் கேரலிடம்.

கேரல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். குழாயடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது தப்போ என்று பயமாக இருந்தது. கேட்க யாரும் இல்லை.

மறுநாள் காலையில் அதே குழாயடியில் இரண்டு பிரஷ்களை வைத்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று டாக்டர் சொன்ன மெத்தென்ற பிரஷ்.

"டாடி, வாங்க. நானும் உள்பக்கம் விட்டிருக்கேனாம். சேர்ந்தே தேய்க்கலாம்."

அப்பா வந்தார். பிரஷை எடுத்துத் தேய்த்தார். துப்பினார். நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாள் கேரல் எழுவதற்குள் குழாயடியில் நின்றார்.

"லேட்டு," என்றார்.

நாளாக நாளாக நுரை வெளுத்தது.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவர் ஒவ்வொரு பல்லாக அழுத்தினார்.

"ஈறு இறுகுது. இந்த ஓரத்துப் பல்லு போனாலும் போகும். மத்தது நிக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்."

"வராட்டி?"

"கல்லு வரும்."

மழைக்காலத்தில் அல்சூரில் ஒரு முதியவர் இறந்தார். அவருக்கு உறவுகள் குறைவு. சவப்பெட்டிக்குப் பின்னால் நாலைந்து பேர்தான் நடந்தார்கள். அன்று பள்ளி விடுமுறை. கேரல் குடையோடு ஓரமாக நடந்தாள்.

அப்பா டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். முதல் சுரம் லேசாக நடுங்கியது. கிளாரன்ஸ் அங்கிள் மேளத்தை மெதுவாக அடித்தார். மறைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. தெருமுனை வந்தது. பாட்டு தொடர்ந்தது. டிரம்பெட் நின்றது கல்லறை வாசலில், பாட்டு முடிந்த பிறகுதான்.

அடக்கம் முடிந்ததும் கிளாரன்ஸ் அங்கிள் மதிலோரம் போனார். ஈர மண்ணைக் குச்சியால் கிளறினார். மூக்குப்பொடி டப்பாவை அதில் வைத்து, ஷூவால் மண்ணைத் தள்ளி மூடினார்.

"அதுக்கும் ஒரு பாட்டு வாசிச்சிருக்கலாம்," என்றார் அப்பா.

"வேண்டாம். அது ரொம்பப் பேசிடுச்சு." பிறகு கேரலைப் பார்த்தார். "அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க? எனக்குக் கீழ் வரிசை பாக்கி இருக்கு."

"செவ்வாய்க்கிழமை, அங்கிள். டாடியும் நானும் கூட வரோம்."

அப்பா கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். கேரல் கையை நீட்டி அதை வாங்கினாள். விரித்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை.

"என்ன பார்க்கற?"

"துவைக்கணுமான்னு."

"துவைக்கத்தான் வேணும்," என்றார் அப்பா. "எச்சில்."